முதலில் கடிகாரம், அப்புறம் நிலநடுக்கம்

ஒன்பது அதிர்வுமானிகளை 3 கிலோமீட்டர் அகலத்துக்குள் பரப்பி வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 40 சாம்பிள் (அளவீடு) பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலநடுக்கத்தைத் தேடக் கிளம்பும் முன் ஒவ்வொரு கருவியின் நேரத்தையும் சரிபாருங்கள். ஒருமுறை எனக்கு எல்லா நிகழ்வுகளின் திசையும் கன்னாபின்னாவென்று வந்தது. மூன்று நாள் நிரலில்தான் பிழை தேடினேன். கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு கருவியின் கடிகாரம் ஒரு நொடி பின்தங்கியிருந்தது.

ஒரு நொடிதானே என்று விட முடியாது. பூமியின் மேலோட்டில் நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பி அலை (நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும் அலை), நம் 3 கிலோமீட்டரை அரை நொடியில் கடந்துவிடும். அதாவது வெறும் 20 சாம்பிள். திசை, வேகம் எல்லாம் அந்த இருபதுக்குள்தான் இருக்கின்றன. கடிகாரப் பிழையோ 40 சாம்பிள்.

சோதிக்க எளிய வழி உண்டு. வெகுதொலைவில் நடந்த பெரிய நிலநடுக்கம் ஒன்றின் பி அலையை எடுங்கள். நம்மிடம் வரும்போது அதன் அலைமுகம் ஏறக்குறைய தட்டையாக இருக்கும். ஒன்பது வருகை நேரங்களுக்கும் ஒரு சமதளத்தைக் கணக்கில் பொருத்துங்கள். நல்ல கருவியில் அந்தச் சமதளத்திலிருந்து விலகல் ஓரிரு சாம்பிள் இருக்கும்; கெட்டது தனியாகத் தெரியும்.

சரி, நேரம் ஒழுங்காகிவிட்டது. இனி பீம், அதாவது எல்லாப் பதிவுகளையும் ஒரு திசைக்கேற்ப நேர்ப்படுத்திக் கூட்டிய ஒரே பதிவு. ஒரு திசையையும் வேகத்தையும் ஊகித்து, அதற்கேற்ற தாமதத்தை ஒவ்வொரு பதிவிலும் கழித்துவிட்டுக் கூட்டுங்கள். ஊகம் பொருந்தினால் சிக்னல் அப்படியே நிற்கும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். ஒன்பது கருவிக்கு மூன்று மடங்கு லாபம், எண்ணிக்கையின் வர்க்கமூலம். ஆனால் கருவிக்குக் கருவி இரைச்சல் வேறுபட்டால்தான் இந்தக் கணக்கு. கடல் அலைகளால் வரும் 5 முதல் 8 நொடி அதிர்வு எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி ஆடும், கூட்டினால் போகாது. அதை ஃபில்டரில் வெட்டுங்கள்: அருகிலுள்ள நிலநடுக்கங்களுக்கு 2 முதல் 8 ஹெர்ட்ஸ், தொலைவிலுள்ளவற்றுக்கு 0.8 முதல் 2 ஹெர்ட்ஸ் மட்டும் வைத்துக்கொள்வது எனத் தொடங்கலாம்.

கருவிகளை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். நார்வேயில் 1984-இல் அமைத்த நோரெஸ் என்ற அதிர்வுமானிக் கூட்டம் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. நடுவில் ஒன்று, சுற்றி வளையங்களாக 3, 5, 7, 9. மொத்தம் 25 இடங்கள். ஒற்றைப்படை என்பதால் இரு கருவிகளின் இடைவெளி திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அமையாது. அதனால் பொய்த் திசைகள் குறைகின்றன.

கண்டறிதல் பழைய முறைதான்: கடைசி 1 நொடியின் சராசரி அதிர்வு அளவை கடைசி 30 நொடியின் சராசரியால் வகுத்து, 4-ஐத் தாண்டினால் குறித்துக்கொள்ளுங்கள். தனித்தனிக் கருவியில் செய்யாமல் பல திசைகளுக்குப் போட்ட பீம்களில் செய்யுங்கள்.

குறித்த ஒவ்வொன்றுக்கும் வேகம் பாருங்கள். நொடிக்கு 0.34 கிலோமீட்டர் வந்தால் அது காற்றில் வந்த ஒலி, தள்ளிவிடுங்கள். 62 டிகிரியிலிருந்து 6.1 வேகத்தில் ஒன்று, 15 நொடி கழித்து 65 டிகிரியிலிருந்து 3.6 வேகத்தில் இன்னொன்று வந்தால், பி-யும், அதன் பின்னால் மெதுவாக வரும் எஸ் அலையும் ஜோடி சேர்ந்துவிட்டன. திசைகள் வெகுவாக விலகினால் ஜோடி சேர்க்காதீர்கள், அவை இரண்டு நிகழ்வுகளாக இருக்கலாம். ஒரே திசையிலிருந்து தினமும் பகலில் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வருவது பெரும்பாலும் குவாரி வெடி.

பி-க்கும் எஸ்-ஸுக்கும் இடையிலான அந்த 15 நொடியை 8-ஆல் (இரு அலைகளின் வேக வித்தியாசத்திலிருந்து வரும் தோராய எண்) பெருக்கினால் தூரம், சுமார் 120 கிலோமீட்டர். திசையில் 5 டிகிரி தவறினாலே இடம் பக்கவாட்டில் 10 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே இன்னொரு நிலையத்தின் நேரம் கிடைத்தால் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழத்தை ஒரே கருவிக் கூட்டத்தை வைத்து நம்ப முடியாது. நான் 10 கிலோமீட்டர் என்று பூட்டிவிட்டு, பூட்டிய எண் என்று பட்டியலிலேயே எழுதிவிடுவேன். நாளை யாராவது அதை அளந்த ஆழம் என்று நினைத்து வரைபடம் போட்டுவிடக் கூடாது.