சமையல் டார்ச்சைக் கையில் எடுத்தவர்கள் செய்யும் தவறுகள்

டார்ச் என்றதும் கரண்ட் போனால் தேடும் கைவிளக்குதான் நினைவுக்கு வரும். இது வேறு டார்ச். உள்ளே பியூட்டேன் கேஸ் இருக்கும்; விசையை அழுத்தினால் கூரான நீலச் சுடர் சீறிக்கொண்டு வரும். க்ரெம் ப்ரூலேயின் (பாலேடும் முட்டையும் சேர்த்துச் செய்யும் கஸ்டர்டு இனிப்பு) மேல் தூவிய சர்க்கரையை உருக்கிக் கண்ணாடி போல ஆக்கவும், மெரிங் (முட்டை வெள்ளையைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் செய்வது) நுனிகளைப் பொன்னிறமாக்கவும், வெந்த மீனின் தோலை மொறுமொறுப்பாக்கவும் உதவும் கருவி.

வாங்கிய புதிதில் எல்லாருக்கும் கை துறுதுறுவென்று இருக்கும். எனக்கும் இருந்தது. நான் செய்த முதல் க்ரெம் ப்ரூலேயின் நடுவில் நாணய அளவுக்கு ஒரு கரித்திட்டு, அதைச் சுற்றி உருகாத வெள்ளைச் சர்க்கரை, அடியில் திரிந்துபோன கஸ்டர்டு. ஒரே கிண்ணத்தில் மூன்று தவறுகள்.

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். டார்ச்சை நான் சின்ன அடுப்பு என்று நினைத்துவிட்டேன். அது சமைக்காது, மேல்தோலுக்கு நிறம் ஏற்றும், அவ்வளவுதான். சுடரின் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். சர்க்கரை கேரமலாக வேண்டியதோ சுமார் 160 முதல் 170 டிகிரிதான். இறைச்சி பழுப்பேற 140 டிகிரியே போதும். இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், சுடரை ஒரே இடத்தில் இரண்டு மூன்று விநாடி நிறுத்தினாலே பொன்னிறத்தைத் தாண்டிக் கரிக்குப் போய்விடும். அதே நேரம் அரை அங்குலத்துக்குக் கீழே இருக்கும் பகுதிக்குச் சூடே எட்டியிருக்காது. எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம், கையை எவ்வளவு வேகமாக நகர்த்துகிறோம் என்ற இரண்டையும் வைத்துத்தான் எல்லாம்.

கிட்டப் பிடிப்பதும் கேஸ் வாடையும்

சுடரைக் கூர்ந்து பார்த்தால் உள்ளே பளிச்சென்ற நீலக் கூம்பு ஒன்றும், அதைச் சுற்றி வெளிறிய சுடரும் தெரியும். உள்கூம்புக்குள் கேஸ் இன்னும் முழுசாக எரிந்திருக்காது. அதிக வெப்பம் இருப்பது அந்தக் கூம்பின் நுனிக்குச் சற்று வெளியே. புதிதாகப் பிடிப்பவர்கள் உள்கூம்பையே உணவில் குத்துவது போலக் கொண்டுபோகிறார்கள். அப்போது இடம் கருகும், எரியாத கேஸும் உணவில் படும். சாப்பிடும்போது 'என்னவோ லைட்டர் வாடை அடிக்கிறதே' என்று தோன்றினால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொரு காரணம், டார்ச்சை உணவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டே பற்றவைப்பது. விசையை அழுத்தியதும் முதலில் கேஸ்தான் வரும், பிறகுதான் தீ பிடிக்கும். அந்த முதல் மூச்சு உணவின் மேல் விழக்கூடாது. ஆளும் பொருளும் இல்லாத பக்கமாகத் திருப்பிப் பற்றவைத்து, சுடர் நீலமாகி நிலைக்கும் வரை பொறுத்து, அப்புறம் உணவின் பக்கம் கொண்டுவர வேண்டும். மஞ்சள் சுடர் என்றால் கேஸ் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். உணவில் கரிப்புகை படியும். காற்றுத் திருகு இருந்தால் அதைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

சிறிய டார்ச்சுக்கு ஒரு சாண் தூரத்தில் தொடங்கி, நிறம் வர வர மெதுவாக நெருங்குவது என் வழக்கம். ஈரத்தலையை ட்ரையரால் உலர்த்தும்போது கை ஓடிக்கொண்டே இருக்குமே, அப்படி ஓட வேண்டும். ஒரு இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறதே என்று அங்கேயே நிற்காதீர்கள். சுற்றி வந்து மறுபடி தொட்டால் போதும்.

சர்க்கரையில் நடக்கும் கூத்து

இந்தக் கருவியை வாங்குகிறவர்களில் பலரும் க்ரெம் ப்ரூலேக்காகத்தான் வாங்குகிறார்கள். அதிகம் சொதப்புவதும் அதில்தான்.

முதலில் ஈரம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கஸ்டர்டின் மேல் நீர்முத்துக்கள் இருக்கும். அதைத் துடைக்காமல் சர்க்கரை போட்டால் அது கரைந்து பாகாகிவிடும். சுடரின் சூடு அந்தத் தண்ணீரை விரட்டுவதற்கே செலவாகும். அதற்குள் கீழே கஸ்டர்டு சூடேறும். 85 டிகிரியை ஒட்டிப் போனால் முட்டை திரியத் தொடங்கும். டிஷ்யூ தாளால் மெல்ல ஒற்றி எடுத்துவிட்டுத் தூவுங்கள். கஸ்டர்டு நன்றாகக் குளிர்ந்திருப்பதும் முக்கியம். மேலே தீ ஆடும்போது அந்தக் குளிர்ச்சிதான் அதைக் காப்பாற்றுகிறது.

அடுத்தது அளவு. கெட்டியாகப் போட்டால் கெட்டியான ஓடு கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு: மேல் அடுக்கு உருகிக் கருகும்போது அடி அடுக்கு மணல் மணலாக அப்படியே இருக்கும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி தூவி, கிண்ணத்தைச் சாய்த்துச் சுழற்றிப் பரப்பி, உருக்குங்கள். போதவில்லை என்றால் இன்னொரு மெல்லிய அடுக்கு தூவி மறுபடி உருக்குங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் பலன் பிரமாதமாக இருக்கும்.

எந்தச் சர்க்கரை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: நைஸான வெள்ளைச் சர்க்கரை. பழுப்புச் சர்க்கரையில் ஈரமும் வெல்லப்பாகும் இருப்பதால் சீக்கிரம் கருகும். ஐசிங் சர்க்கரை வேண்டவே வேண்டாம். அதில் சோளமாவு கலந்திருக்கும். போதாததற்கு, சுடர் வரும் வேகத்திலேயே பாதி பறந்துவிடும். சாதாரணச் சர்க்கரைகூடச் சுடரை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் ஒரு பக்கமாக ஒதுங்கும். தூரம் பிடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொன்னிறத்தைத் தாண்டி அம்பர் நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். தீயை எடுத்த பிறகும் சில விநாடிக்கு நிறம் ஏறும். ஓடு இறுக ஓரிரு நிமிடம் விட்டுப் பரிமாறுங்கள். முன்கூட்டியே உருக்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் சர்க்கரை ஈரத்தை இழுத்து மறுபடி பாகாகிவிடும். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் டார்ச்சை எடுக்க வேண்டும். அவர்களுக்கும் வேடிக்கையாக இருக்கும்.

அடியில் என்ன வைக்கிறோம்

உணவைப் பார்க்கிற கவனத்தில் அதன் அடியில் இருப்பதை மறந்துவிடுகிறோம். பேக்கிங் தாளின் மேல் மெரிங்குகளை வரிசையாக வைத்து நான் டார்ச் பிடித்ததில் தாளின் ஓரம் பற்றிக்கொண்டது. ஓவன் சூட்டைத் தாங்கும் தாள் தீயைத் தாங்காது. பிளாஸ்டிக் பலகை, மெலமைன் தட்டு, மரப்பலகை எதுவும் ஆகாது. கண்ணாடிப் பாத்திரம் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். சமையல் மேடைக் கல்லும் ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் வெடிக்கலாம். நான்ஸ்டிக் தவாவின் மேல் டார்ச் பிடிப்பதுதான் இவற்றில் மோசமானது. அந்தப் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். அந்தப் புகையை மூச்சில் இழுக்கக்கூடாது.

கனமான உலோக ட்ரேயைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் வைத்துச் செய்வதுதான் நல்லது. டார்ச் பிடித்து முடித்ததும் அந்த ட்ரேயை வெறுங்கையால் தூக்காதீர்கள்.

கேஸ் நிரப்பும்போது

பாதிப் பேருக்கு டார்ச் 'ரிப்பேர்' ஆவது இங்கேதான். பியூட்டேன் கேனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலாக அழுத்துவார்கள். திரவம் போகாமல் ஆவி மட்டும் போகும். டார்ச்சைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் மேல் கேனையும் தலைகீழாக, நேராக வைத்து அழுத்த வேண்டும். அதற்கு முன் டார்ச் முழுசாக ஆறியிருக்க வேண்டும், சுடர் அளவுத் திருகு குறைந்த நிலையில் இருக்க வேண்டும். பழைய கேஸும் காற்றும் உள்ளே மிச்சமிருந்தால் புதிய கேஸுக்கு இடம் இருக்காது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் வால்வை அழுத்தி, 'உஸ்' சத்தம் நிற்கும் வரை அதை வெளியேற்றிவிட்டால் நன்றாக நிரம்பும்.

நிரப்பிய கையோடு பற்றவைப்பது அடுத்த தவறு. பியூட்டேனின் கொதிநிலை சுமார் பூஜ்யம் டிகிரிதான். அழுத்தத்திலிருந்து வெளியே வந்த திரவம் ஆவியாகும்போது சுற்றியிருப்பதைச் சில்லென்று ஆக்கிவிடும். கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகலாம். டார்ச்சும் சில்லிட்டிருப்பதால் சுடர் திக்கித் திணறும். ஐந்து நிமிடமாவது விடுங்கள். வழிந்த கேஸ் கலையவும் அந்த நேரம் வேண்டும். பியூட்டேன் காற்றைப் போல இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையிலும் அலமாரி மூலையிலும் தேங்கும். அதனால் வெளியில் வைத்தோ திறந்த ஜன்னல் பக்கத்திலோ நிரப்புங்கள். அருகில் அடுப்பு எரியக்கூடாது. கசிவு இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கசிந்தால் குமிழி வரும்.

குளிரில் சுடர் சோர்ந்தால் சிலர் கேனைச் சூடுபடுத்தப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அறைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும்.

கேனின் மேலேயே திருகிப் பொருத்தும் பெரிய டார்ச் என்றால், ரொம்பவும் சாய்க்காதீர்கள். திரவமாகவே கேஸ் வந்து, பெரிய மஞ்சள் சுவாலை குபீரென்று கிளம்பும்.

இறைச்சி, மற்றவை

பச்சை இறைச்சியை டார்ச்சில் வேகவைக்க முடியாது. வெளியே கரி, உள்ளே பச்சை, அவ்வளவுதான் கிடைக்கும். முதலில் வேறு வழியில் வேகவைத்து, மேல் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, கடைசியில் நிறத்துக்கு மட்டும் டார்ச். கொழுப்பு சொட்டினால் தீ எகிறும். சர்க்கரை சேர்த்த மசாலா கண் இமைக்கும் நேரத்தில் கருகும்.

பகல் வெளிச்சத்தில் நீலச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டியவர்கள் உண்டு. அணைத்த பிறகும் சுடர் வரும் முனை கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். டார்ச்சைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், விசைப் பூட்டையும் போடுங்கள். உருகிய சர்க்கரை கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பிய்க்க முயலாமல் ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸும் பற்பசையும் வேண்டாம்.

டார்ச் இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் அதையே தேடவும் வேண்டாம். ஒரு ட்ரே நிறைய சீஸ் உருக்க ஓவனின் மேல் கிரில்தான் வசதி. குடமிளகாய்த் தோலைச் சுட்டு உரிக்க டார்ச்சில் பாதி கேஸைக் காலி செய்துவிட்டுத்தான் நான் நிமிர்ந்து பார்த்தேன்: பக்கத்திலேயே கேஸ் அடுப்பு சும்மா இருந்தது.