ஃப்ளட்டரில் தொட்டும் திறக்காத வரி: என் அனுபவம்

பால் கணக்கு எழுத, ஃப்ளட்டரில் (மொபைல் செயலிகள் கட்ட உதவும் கருவித்தொகுப்பு) ஒரு சின்ன செயலி செய்தேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வரி. இடது ஓரம் பெயர், வலது ஓரம் பாக்கி. வரியைத் தொட்டால் அவருடைய மாதக் கணக்கு திறக்க வேண்டும். பெயரைத் தொட்டால் திறந்தது, தொகையைத் தொட்டாலும் திறந்தது. நடுவில் தொட்டால் அசையவே இல்லை. பால்காரரின் கட்டைவிரல் போவதோ நடுவில்தான்.

காரணம் இதுதான். தொடுதலைக் கவனிக்கும் ஜெஸ்சர் டிடெக்டருக்குள் ஒரு விட்ஜெட் (திரையைக் கட்டும் ஒரு துண்டு) இருந்தால், அது "என்மேல் விரல் பட்டது" என்று சொன்னால்தான் ஆன்டேப், அதாவது தொட்டால் நடக்க வேண்டிய வேலை, ஓடும். பெயரையும் தொகையையும் பக்கம் பக்கமாக வைக்கும் ரோவுக்குள், ஸ்பேசர் விட்ட வெற்று இடத்தில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. ஜெஸ்சர் டிடெக்டரின் பிஹேவியர் என்ற அமைப்பில் ஹிட்டெஸ்ட்பிஹேவியர்.ஓபேக் கொடுத்ததும் முழு வரியும் தொடுதலைப் பிடித்தது. உள்ளே வரியைப் பொதிந்த பெட்டியான கன்டெய்னருக்குப் பின்னணி நிறம் கொடுத்தாலும் வேலை நடக்கும்; ஆனால் நாளைக்கு யாராவது நிறத்தை எடுத்தால் பழைய சிக்கல் திரும்பிவிடும். அந்த வழியை நான் விரும்பவில்லை.

அப்புறம், தொட்டது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று, தொட்டதும் அலைபோல நிறம் பரவிக் காட்டும் இங்க்வெல்லுக்கு மாறினேன். அது இயல்பாகவே முழுப் பரப்பையும் பிடிக்கும். ஆனால் அலை தெரியவில்லை. அந்த அலை வரையப்படுவது இங்க்வெல்லைச் சூழ்ந்திருக்கும் மெட்டீரியல் என்ற அடிப்பரப்பின் மீது. உள்ளே நிறம் பூசிய கன்டெய்னர் அதை மூடிவிடுகிறது. நிறத்தை மெட்டீரியலுக்கே கொடுத்தேன், அலை வந்துவிட்டது.

வரியின் உயரத்தையும் கூட்டினேன். தொடும் இடத்துக்கு ஆண்ட்ராய்டு 48 டிபி, ஐஓஎஸ் 44 பாயின்ட் (இரண்டும் திரை அளவு அலகுகள்) பரிந்துரைக்கின்றன. ஈரக் கையோடு தொடுபவர்களுக்காக 56 வைத்தேன்.