சராசரியைக் கவிழ்த்த பூஜ்யம்

எக்செல் மதிப்பெண் பதிவேட்டில் 78, 64 வாங்கிய மாணவருக்குச் சராசரி 47.33 என்று வந்தது. தேர்வுக்கு வராத அன்றைக்கு 0 போட்டிருந்தேன். ஆவரேஜ் சூத்திரம் காலிக் கட்டத்தையும் எழுத்தையும் விட்டுவிடும், பூஜ்யத்தை விடாது. 0-ஐ அழித்து ‘ஆப்’ (ஆப்சென்ட்) என்று போட்டதும் 71. (வராதவருக்குப் பூஜ்யம்தான் என்பது பள்ளி விதியானால் இதைத் தொடாதீர்கள்.)

வருகைப் பக்கம்தான் ரொம்பப் படுத்தியது. 22 நாளும் வந்தவருக்கு 21 என்றது, குறிப்பிட்ட எழுத்துள்ள கட்டங்களை எண்ணும் கவுண்ட்இஃப் சூத்திரம். ஒரு கட்டத்தில், வந்ததைக் குறிக்கும் ‘வ’வுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி! வருகைக் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ரீப்ளேஸில் இடைவெளியைத் தேடச் சொல்லி, மாற்றுப் பெட்டியைக் காலியாக விட்டு ரீப்ளேஸ் ஆல் கொடுத்தேன். முழுப் பக்கத்துக்கும் கொடுத்தால் பெயரும் இனிஷியலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு, கட்டத்தில் எதைத் தட்டலாம் என்று கட்டுப்படுத்தும் டேட்டா வேலிடேஷனில் வ, இ (வராததற்கு) இரண்டுக்கு மட்டும் அனுமதி. வேறு இடத்திலிருந்து காப்பி பேஸ்ட் செய்தால் அந்தக் காவல் தடுக்காது.