இன்டர்வியூல "உங்களப் பத்தி சொல்லுங்க"ன்னா பாதியில நின்னுபோகுதா? எனக்கு சரியான வழி

ஒருவழியா சரியாயிருச்சு, யாருக்காவது உதவும்னு எழுதுறேன். மண்டபத்துல இருந்து இறால் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு குவாலிட்டி வேலைக்குன்னு இன்டர்வியூ போனா, பேரு ஊரு சொல்ற வரைக்கும் நல்லா வரும், படிப்புகிட்ட வந்ததும் அப்படியே நின்னுரும்.

யூடியூப்ல பாத்து ஒரு இங்கிலீஷ் பாராவ மனப்பாடம் பண்ணேன், வேலைக்காகல. கண்ணாடி முன்னாடி நல்லா வருது, ஆள் முன்னாடி வரல. பாதியா சுருக்கியும் அதே எடத்துல தான் நிக்குது.

ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், போட்டெல்லாம் கரையில, அண்ணனும் வீட்ல தான் இருந்துச்சு, அத உக்கார வச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணேன். கடக்கரையில எடுத்தது காத்து எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல, ரூமுக்குள்ள ஃபேன ஆஃப் பண்ணிட்டு எடுத்ததுல தான் தெரிஞ்சுது, அந்த எடத்துல மூச்சு முடிஞ்சுபோகுது. "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்"னு ஆரம்பிக்கிற வரி டிகிரி, காலேஜ், வருஷம், பர்சன்டேஜ்னு போய்க்கிட்டே இருக்கு.

அத ஒடச்சு ஒரு மூச்சுக்கு ஒரு வரின்னு வச்சேன். பர்சன்டேஜ தூக்கிட்டேன், அது ரெஸ்யூம்லயே இருக்கு. ட்ரெயினிங்ல கோல்ட் ஸ்டோரேஜ் மைனஸ் 18 டிகிரிய தாண்டி ஏறுதான்னு பாத்து ரிஜிஸ்டர்ல எழுதுன வேலைய சொல்லி அங்கயே முடிச்சேன். எத சொல்லி முடிக்கிறமோ அதுல இருந்து தான் பெரும்பாலும் மொத கேள்வி வருது, இத யாரும் சொல்றதில்ல. இந்தத் தடவ இன்டர்வியூல "ஏறுனா என்ன செய்வீங்க"ன்னாங்க, கதவு சரியா சாத்திருக்கான்னு, ஐஸ உருக்குற டீஃப்ராஸ்ட் ஓடுதான்னு பாக்கணும்னு கடகடன்னு வந்துருச்சு. திங்கக்கிழமை சேரச் சொல்லிருக்காங்க.