லைசென்ஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால்

ஆத்தங்குடியிலிருந்து சரக்கு வண்டியில் தரைக்கல் ஏற்றிப் போவது என் பிழைப்பு. போன தை மாதம் கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டு வளவுக்கு லோடு. கல் பதிக்கும் ஆட்கள் ஏழு பேரையும் லோடின் மேலேயே உட்கார வைத்துக்கொண்டேன். பக்கத்து ஊர்தானே என்ற நினைப்பு. வழியில் சோதனையில் நிறுத்தினார்கள். அபராதம் போட்டு, லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். பணத்தைக் கட்டியதும் விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

முடியவில்லை. அபராதம் வேறு, லைசென்ஸ் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 19-இன்படி லைசென்ஸைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கவோ அடியோடு ரத்து செய்யவோ ஆர்.டி.ஓ.வுக்கு (வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு) அதிகாரம் உண்டு. எந்தெந்தக் காரியத்துக்கு என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21-ஆம் விதி பட்டியல் போடுகிறது: சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, அளவுக்கு மேல் பாரம், அதிவேகம், செல்போன் பேசிக்கொண்டே ஓட்டுவது எல்லாம் அதில் வரும். ஆனால் அப்படிச் செய்வதற்கு முன் நம் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. விசாரணை என்பது அதுதான். அது நமக்கான நேரம், போகாமல் இருந்துவிடாதீர்கள்.

முதலில் நோட்டீஸ் வரும். லைசென்ஸில் உள்ள முகவரிக்குத்தான் வரும். என் லைசென்ஸில் இருந்தது பள்ளத்தூர் பெரியப்பா வீடு. நான் காரைக்குடிக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. பெரியம்மா தபாலை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்கள். விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் என் கைக்கு வந்தது. லைசென்ஸ் பிடிபட்டிருந்தால் பழைய முகவரியில் இருப்பவர்களிடம் அன்றைக்கே சொல்லி வையுங்கள். குறித்த தேதியில் போக முடியாதென்றால், தேதிக்கு முன்பே எழுதிக் கொடுத்து வேறு நாள் கேளுங்கள்.

அப்புறம் விளக்கக் கடிதம். ஒரு பக்கம் போதும். நோட்டீஸ் எண், லைசென்ஸ் எண், வண்டி எண், என்ன நடந்தது, இதற்கு முன் வழக்கு உண்டா இல்லையா, இவ்வளவுதான். தப்பு நடந்திருந்தால் நடந்தது என்றே எழுதுங்கள். அன்றைக்கு ஒரு கல் அடுக்கு சரிந்திருந்தால் அந்த ஏழு பேரில் யாருடைய கால் போயிருக்கும் என்று நினைத்து எனக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை. அதைத்தான் எழுதினேன். நோட்டீஸில் உள்ளது உண்மையில்லை என்றால், சோதனை அறிக்கையின் நகலையும் போட்டோ இருந்தால் அதையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மறுத்து எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்தில் யாருக்காவது அடிபட்டு, எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் மட்டும் நீங்களாக எழுதாதீர்கள். வக்கீலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்தக் கடிதம் நாளைக்குக் கோர்ட்டிலும் பேசும்.

ஆபீஸ் வாசலில் 'முடித்துத் தருகிறேன்' என்று புரோக்கர்கள் வருவார்கள். பணம் கொடுக்காதீர்கள். உள்ளே நம் வாயால் பேச வேண்டிய விஷயம் இது.

அறையில் கூண்டு, சாட்சி எதுவும் கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, கையில் நம் ஃபைல். எனக்குப் பத்து நிமிடம்தான். எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள், முன்பு வழக்கு உண்டா, ஆள் ஏற்றியது உண்மையா என்று கேட்டார். “ஏற்றினது நிஜம்தான் சார். பதினாலு வருஷமா ஓட்டுறேன், இதுதான் முதல் தடவை” என்றேன். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லலாம், ஆனால் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் கேட்ட கேள்விக்குப் பதில் வராது. ஒப்புகைச் சீட்டு, அபராத ரசீது, ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

முடிவு வாய்ச்சொல்லாக இருக்கக்கூடாது. காரணத்தோடு எழுதிய உத்தரவு வர வேண்டும். நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எங்கே, யாரிடம் என்பதை அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். ஒப்புகைச் சீட்டை வைத்து அதுவரை ஓட்டினேன் என்பதால் இனியும் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். உத்தரவு வந்த பிறகு அது செல்லாது. மீறி ஓட்டினால் பிரிவு 182-இன்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும். நான் ஆக்டிங் டிரைவர் போட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். வருமானத்தில் பாதி அதற்கே போனது.

காலம் முடிந்ததும் லைசென்ஸ் தானாக வீட்டுக்கு வரும் என்று காத்திருக்காமல், உத்தரவு நகலோடு நேரில் போய்க் கேளுங்கள். பயிற்சி வகுப்பு ஏதும் முடிக்க வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். நான் வாங்கிய மறுநாளே தேவகோட்டைக்கு ஒரு லோடு கிடைத்தது. ஆட்களை ஷேர் ஆட்டோவில் முன்னால் அனுப்பிவிட்டு, வாடகையை நானே கொடுத்தேன்.