அமெரிக்கால கிளினிக் வச்சிருக்கீங்களா? விஎஃப்சி-ல சேர்றது இப்படித்தான்

குழந்தைங்களுக்கு இலவச தடுப்பூசி குடுக்கற விஎஃப்சி (வேக்சின்ஸ் ஃபார் சில்ட்ரன்) திட்டம் 1994-லேர்ந்து இருக்கு. அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி தடுப்பூசிய வாங்குது, நம்ம ஸ்டேட் ஹெல்த் டிபார்ட்மென்ட் வழியா கிளினிக்குக்கு வரும், அதனால அப்ளிகேஷன் அவங்ககிட்டதான். அக்ரிமென்ட்ல மெடிக்கல் டைரக்டர் கையெழுத்து, வருஷத்துக்கு எத்தனை பசங்க வருவாங்கன்னு ஒரு கணக்கு, தடுப்பூசியப் பாத்துக்க ஒருத்தர், அவர் லீவு போட்டா இன்னொருத்தர், அவ்ளோதான் பேப்பர் வேலை.

நிஜமான தலைவலி ஃப்ரிட்ஜ்தான்! உள்ளயே குட்டி ஃப்ரீசர் வச்ச ஹாஸ்டல் ஃப்ரிட்ஜ் செல்லாது, காசு மிச்சம்னு வாங்கிடாதீங்க. 2லேர்ந்து 8 டிகிரி செல்சியஸ்குள்ள நிக்கணும், வெப்பநிலைய தானா பதிவு பண்ற டிஜிட்டல் டேட்டா லாகர், அது சரியா காட்டுதுன்னு சொல்ற கேலிப்ரேஷன் சர்டிஃபிகேட்டோட இருக்கணும், தினமும் காலைல வந்ததும் மினிமம் மேக்ஸிமம் வெப்பநிலை பாத்து எழுதணும், கதவு தட்டுல தடுப்பூசி வைக்கவே கூடாது. இதெல்லாம் செட் ஆனப்புறம்தான் ஹெல்த் டிபார்ட்மென்ட்காரங்க நேர்ல வந்து பாத்துட்டு சரின்னு சொல்வாங்க.

19 வயசு ஆகாத, மெடிக்கெய்ட் (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) இருக்கற இல்ல இன்ஷூரன்ஸே இல்லாத பசங்க, அப்புறம் அமெரிக்கப் பழங்குடி, அலாஸ்கா பூர்வகுடிப் பசங்களுக்கு இது. இன்ஷூரன்ஸ் இருந்தும் தடுப்பூசிக்கு கவர் இல்லன்னா பொதுவா அரசு அங்கீகாரம் உள்ள சமூக ஹெல்த் சென்டருக்குத்தான் அனுப்பணும். தகுதிய ஒவ்வொரு தடவையும் கேட்டு பதியணும், விஎஃப்சி தடுப்பூசிய நீங்க காசு குடுத்து வாங்கின பிரைவேட் ஸ்டாக்கோட கலக்காதீங்க. மருந்துக்கு காசு வாங்கக் கூடாது, ஊசி போடற ஃபீஸ் வாங்கலாம், ஆனா அத குடுக்க முடியலன்னு புள்ளைய திருப்பி அனுப்ப முடியாது.