கற்பனை உலகத்துக்கு ஒரு கல் செய்வது எப்படி

கதைக்காக ஓர் உலகத்தைக் கட்டுகிறவர்கள் இரத்தினக் கற்களுக்கு முதலில் பெயர் வைக்கிறார்கள், ‘அக்கினிமணி’, ‘சந்திரநீலம்’ என்று, அப்புறம் ஒரு மந்திர சக்தியைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெயரைக் கடைசிக்கு வையுங்கள். கல்லுக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதில் தொடங்குங்கள்.

கொரண்டம் என்று உலகம் சொல்லும் கனிமம் நம் குருந்தம்தான், சொல்லும் நம்மிடமிருந்து போனதுதான். சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. கொஞ்சம் குரோமியம் சேர்ந்தால் ரூபி, இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலக்கல். ஒரே கல், சேர்ந்த அழுக்குதான் வேறு. நீங்களும் ஒரு தாய்க்கல்லை வைத்துக்கொண்டு, எரிமலை அடிவாரத்தில் கிடைப்பது ஒரு நிறம், பழைய போர்க்களத்து மண்ணில் கிடைப்பது இன்னொரு நிறம் என்று பிரியுங்கள். பத்துக் கல்லைத் தனித்தனியாக யோசிப்பதைவிட இது நம்பும்படி இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். இதை நான் கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடையொன்றில் கற்றுக்கொண்டேன். முதலாளி ஐயா சாமணத்தால் ஒரு அலெக்சாண்ட்ரைட்டைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோனார், பகல் வெளிச்சத்தில் பச்சை. “இப்ப உள்ளுக்கு வாங்கோ தம்பி” என்று மேசையிலிருந்த பழைய மஞ்சள் பல்பைப் போட்டார், அதே கல் சிவந்து நின்றது. அந்தப் பல்பை அவர் இதற்காகவே வைத்திருக்கிறார்.

ஆகவே உங்கள் உலகத்தில் இரவில் எது எரிகிறது என்று கேளுங்கள். எண்ணெய் விளக்கா, இரண்டு நிலவா? வெள்ளை நிலவில் பச்சையாகவும் செந்நிலவில் கருஞ்சிவப்பாகவும் தெரிகிற கல் என்றால், அதை எந்த இரவில் விற்பது என்பதிலேயே ஓர் ஏமாற்று இருக்கிறது, அதைத் தடுக்க ஒரு சட்டம் இருக்கிறது, செந்நிலவு வரும்வரை காசை மடியிலேயே முடிந்து வைத்திருக்கும் ஒரு கிழவியும் இருக்கிறாள்.

கல் எங்கே கிடக்கிறது? குகைச் சுவரில் பளபளவென்று பதிக்காதீர்கள். இலங்கையின் இரத்தினபுரியில் குழி தோண்டி, இல்லம் என்கிற சரளை அடுக்கை எடுத்து, கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றுகிறார்கள், மணலைவிடக் கனமான கற்கள் கூடையின் அடியில் தங்கிவிடுகின்றன. (இல்லம் என்பது சிங்களச் சொல், தமிழில் படித்தால் வீடாகிவிடுகிறது, எனக்கு மிகவும் பிடித்த சொல்.) உங்கள் கல் தண்ணீரில் மிதக்கும் என்றால் அதைத் தேடிப் போகிறவர்கள் கையில் மண்வெட்டி இருக்காது, வலை இருக்கும்.

கடினத்துக்கு ஒரு வரி போதும்: எது எதைக் கீறும். கடினத்தை ஒன்று முதல் பத்துவரை அளக்கும் மோஸ் அளவில் குருந்தம் 9, குவார்ட்ஸ் 7, அதனால் குருந்தம் குவார்ட்ஸைக் கீறும்.

ஒரு கேடும் கொடுங்கள். 1953இல் கொழும்பு இரத்தினக்கல் நிபுணர் எக்கநாயக்க கண்டெடுத்து, அவர் பெயராலேயே எக்கனைட் என்று ஆன பச்சைக் கல்லில் தோரியம் இருக்கிறது, அதன் கதிர்வீச்சு கல்லின் சொந்தப் படிக அமைப்பையே சிதைக்கிறது. தன்னையே தின்னும் கல்! அப்படி ஒன்றை முடியில் பதித்த அரச குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது பெயர். ஒன்று போதாது. ஏட்டில் வைடூரியம் என்று இருப்பதைக் கடையில் பூனைக்கண் என்றுதானே கேட்கிறோம்? அரண்மனைப் புலவர் வைக்கும் பெயர் நீளமாக இருக்கட்டும், ஆனால் அந்தக் கிழவி கடை வாசலில் நின்று என்ன சொல்லிக் கேட்பாள் என்பதை முதலில் எழுதுங்கள்.